அப்பிள் பையோடு போகிற சட்டத்தரணிக்கு

ஒரே வீட்டில், ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் நீயும் இருந்துகொண்டு, அம்மா நான் உனக்குக் கடிதம் எழுதுவது உனக்குச் சிரிப்பாக இருக்கலாம். நேரில் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்த நாளிலிருந்து உன்னோடு கதைப்பது கஷ்டமாகிவிட்டது. நான் சொல்ல வந்ததை முடிக்க முன்னரே அதற்கு ஒரு மறுமொழி உன்னிடம் தயாராக இருக்கிறது. கடிதத்தோடு அப்படிக் குறுக்கே பேச ஏலாது. முழுவதையும் வாசி. வாசித்துவிட்டு, சனிக்கிழமை காலையில் களுபோவில ஆஸ்பத்திரிக்குப் போவதா இல்லையா என்று முடிவு செய். இதில் ஒரு பிரதியைத் தர்ஷிக்கும் அனுப்புகிறேன். உன்னைக் கட்டப்போகிறவள், அவளுக்கும் தெரியட்டும்.

எதற்காகப் போகிறாய் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். எங்கள் வீட்டிலும் சரி, தர்ஷி வீட்டிலும் சரி, இதுவரை ஒருவரும் அதை முழுதாகச் சொல்லி நான் கேட்கவில்லை. தர்ஷியின் தம்பி கஜன் போன வாரம் மரைன் டிரைவில், தன் காரின் பக்கக் கண்ணாடியில் உரசிய ஒரு ஆட்டோவை மறித்து, அதன் சாரதியை வெளியே இழுத்து, சிநேகிதர்கள் பிடித்துக்கொண்டிருக்க, காரில் கிடந்த கிரிக்கெட் மட்டையால் அடித்தான். அடிபட்டவர் பெயர் அந்தோனி. கொட்டாஞ்சேனை ஆள். வெள்ளவத்தைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஹயர் வந்தவர். தாடை உடைந்திருக்கிறது. வலது கை முழங்கைக்குக் கீழே நொறுங்கியிருக்கிறது. ஆட்டோ ஓட்டுகிறவருக்கு வலது கை என்பது என்னவென்று உனக்கு நான் விளக்கத் தேவையில்லை. தாடையைக் கம்பியால் கட்டியிருப்பதால் அவரால் இன்னும் பேச முடியவில்லை. வீக்கம் வற்றினால் சனிக்கிழமை மெல்லமாகப் பேசலாம் என்று டாக்குத்தர் சொல்லியிருக்கிறார். அன்று மத்தியானம் பொலிஸ் வந்து வாக்குமூலம் எடுக்கும். அதற்கு முன்னர், காலையில், நீயும் தர்ஷியின் அப்பாவும் ஒரு பையோடு அந்தக் கட்டிலடிக்குப் போகவேண்டும். இழுபறியில் தான் கால் தடுக்கி விழுந்ததாக அந்தோனி சொல்ல, அவருடைய மனைவி ரெஜினாவைச் சம்மதிக்கப் பண்ணவேண்டும். உன் சட்டத் தொழிலின் முதல் வேலை இதுதான். நீ இதற்குக் கட்டணம் வாங்கமாட்டாய் என்பது மட்டும் எனக்கு நிச்சயம். பெண்ணே தருகிறார்களே.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பாய். நீ சொல்லவில்லை. உன் அப்பா சொல்லவில்லை. தர்ஷியின் அம்மாதான் சொன்னா, அதுவும் சொல்கிறோம் என்று தெரியாமலே. செவ்வாய்க்கிழமை பின்னேரம் கோல் எடுத்தவ, கூறைச் சேலை பற்றி, மண்டபத்துக்குப் பூ பற்றி, சாப்பாட்டில் கத்தரிக்காய்ப் பொரியல் வேண்டுமா வேண்டாமா என்பது பற்றிக் கதைத்துக்கொண்டு வந்து, அதே குரலில், அதே வரிசையில், இதையும் கேட்டா.

"அக்கா, சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குப் பால்மா டின் பெரிசு போடட்டே, சின்னன் போதுமே? பெரிசு போட்டா நாங்கள் பயந்திட்டம் எண்டு நினைப்பினம். சின்னன் எண்டா மரியாதை இல்லை."

யாருக்கு என்று கேட்டேன். அந்த ஆட்டோக்காரனுக்கு, தான் விழுந்ததெண்டு அவன் பொலிஸுக்குச் சொல்லவேணுமே என்றா. அப்பிள் சிவப்பா பச்சையா என்பதிலும் அவவுக்குச் சந்தேகம் இருந்தது. தாடையைக் கம்பியால் கட்டிக் கிடக்கிற மனுஷனுக்கு அப்பிள். அவவிடம் இதைச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. சொன்னால் அப்பிளை எடுத்துவிட்டுத் தோடம்பழம் போட்டிருப்பா. நான் சொன்ன திருத்தம் அது என்று நினைத்திருப்பா.

எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போவதில்லை. ஆஸ்பத்திரி வாசல் கடைகளில் பையைக் கட்டியே வைத்திருக்கிறார்கள்: அப்பிள், முந்திரிகைப் பழம், ஒரு பால்மா டின், ஒரு பெட்டி பிஸ்கட். கொண்டுவந்ததை வேண்டாம் என்று திருப்பவும் கூடாது. திருப்பினால் திமிர் என்பார்கள், வருத்தக்காரருக்கே கூடாது என்பார்கள். நல்ல பழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அடித்தவன் வீட்டுக்காரரும் அதே பையைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று முதலில் யோசித்தவன் எங்களை நன்றாக அறிந்தவன். பையை வாங்கினால் முகம் கொடுத்ததாகிவிடும். முகம் கொடுத்தால் இருக்கச் சொல்லவேண்டும். இருந்தவர்கள் கதைப்பார்கள். கதைத்துவிட்டுப் போகிற வழியில் பொலிஸுக்குப் போய், இரண்டு பக்கமும் சமாதானம் என்று சொல்வார்கள். பொய் என்று யாரும் சொல்ல ஏலாது. பை அங்கே கட்டிலுக்குக் கீழே இருக்கிறதல்லவா.

இதை நான் ஊகித்து எழுதவில்லை. என் தங்கச்சி, உன் சித்தி, ஏன் நொண்டுகிறா என்று உனக்குத் தெரியுமா? ஹெவ்லொக் டவுனில் இருந்த காலத்தில் படியில் வழுக்கி விழுந்தவ என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். சிறு வயதில் உனக்கு அப்படித்தான் சொன்னோம். பெரியவனான பிறகு திருத்தவில்லை. அவ விழவில்லை. ஒரு வீட்டின் பின்பக்கத்து அனெக்ஸில் தனியாக வாடகைக்கு இருந்தா. வீட்டுக்காரரின் மகன், நினைத்த நேரத்தில், தன்னிடம் இருந்த திறப்பால் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவான். மீற்றர் பார்க்க, குழாய் பார்க்க என்று ஏதாவது ஒரு காரணம் வைத்திருப்பான். சித்தி ஒரு நாள் ஆள் பிடித்துப் பூட்டை மாற்றினா. அன்று பின்னேரம் வெளிப் படியில் நின்று அவனோடு வாய்க்கு வாய் பேசினா. அவன் தள்ளினான். இடுப்பு எலும்பு உடைந்தது. கூட்டிக்கொண்டு போய்ப் பொரளை ஆஸ்பத்திரியில் அனுமதித்தோம். பொலிஸில் முறைப்பாடும் போட்டோம். அதுவரை எல்லாம் சரியாகத்தான் செய்தோம்.

இரண்டாம் நாள் வீட்டுக்காரரின் மனைவி வந்தா. கூட ஒரு சட்டத்தரணி. நன்றாகச் சலவை செய்த வெள்ளைச் சேட்டு, மென்மையான குரல். கையில் பை. நான் கந்தோரில் இருந்தேன். சித்தியோடு உன் அப்பாதான் இருந்தார். பையைப் பார்த்ததும் அவர் எழுந்து, "உங்களுக்கு ஏன் இந்தக் கரைச்சல் எல்லாம்" என்று சொல்லி இரண்டு கையாலும் வாங்கி, பக்கத்துக் கட்டிலில் இருந்து ஒரு கதிரையும் கேட்டு எடுத்துக் கொடுத்தாராம். இதைப் பின்னேரம் அவரே எனக்குச் சொன்னார், பெருமையாக: அவ்வளவு பெரிய ஆட்கள் தேடி வந்தவை, நாங்கள் மரியாதை குறையாமல் நடந்தனாங்கள் என்று. அந்தச் சட்டத்தரணி ஒரு தோடம்பழத்தை உரித்துச் சித்தியின் கையில் கொடுத்திருக்கிறார். தண்ணீர் தாகத்தில் கிடந்தவ சாப்பிட்டுவிட்டா. அவ்வளவுதான் நடந்தது. மிரட்டல் இல்லை, சத்தம் இல்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை.

பிறகு பொலிஸில் போய்க் கேட்டால், கைகலப்பு, இரு தரப்பும் இணக்கம் என்று எழுதி மத்தியஸ்த சபைக்கு அனுப்பியாயிற்று என்றார்கள். கைத்தடியோடு சித்தியைச் சபைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தலைமை தாங்கியவர் வயது போன மனிதர், பார்த்தால் கோபப்படக்கூட முடியாது. சித்தி தனக்கு இணக்கம் இல்லை என்று சொன்னா. அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்:

"தங்கச்சி, அவை கொண்டுவந்த பழத்தை வாங்கிச் சாப்பிட்டனீங்கள் தானே?"

சித்தி ஓம் என்றா. படியில் வழுக்கியதாக எழுதப்பட்ட கடதாசியில் கையெழுத்து வைத்தா. தனக்கு இணக்கம் இல்லை என்று எழுந்து போகலாம், அப்படிப் போக அவவுக்கு உரிமை இருக்கிறது என்று அந்த அறையில் யாரும் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது. பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படித்துப் பட்டம் வாங்கியிருந்தேன். அது எனக்கு அங்கே ஒன்றுக்கும் உதவவில்லை.

அதனால்தான் நீ சட்டம் படிக்கப் போகிறேன் என்றபோது நான் மறுக்கவில்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன். நான் பேச்சுக்காரி அல்ல, சந்தோஷத்தைக் காட்டத் தெரியாது. ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் நம்பியிருந்தேன். எனக்கு எதையும் நம்புகிற பழக்கமில்லை. அதுதான் இப்போது இவ்வளவு எரிகிறது.

போன மாதம் வெள்ளவத்தையில் நீங்கள் நடத்திய விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு உன் அழைப்பில் வந்தேனே, அதையும் கொஞ்சம் சொல்ல விடு. குற்றச் செயல்களால் பாதிக்கப்பட்டோரின் உரிமைகள் என்று பெரிய பனர். முதலில் குத்துவிளக்கு ஏற்றினீர்கள். பிரமுகர்கள் ஒவ்வொருவராக வந்து ஒவ்வொரு திரியாக ஏற்ற, அதற்கே பாதிக் காலை போயிற்று. பிறகு பொன்னாடை. பாதிக்கப்பட்டோருக்கான கூட்டத்தில் பொன்னாடை யாருக்கு என்று பார்த்தேன். சாப்பாட்டுப் பார்சலுக்குக் காசு கொடுத்த தர்ஷியின் அப்பாவுக்கு. அவர் அதைப் போர்த்துக்கொண்டு, சமூகம் விழித்தெழ வேண்டும் என்று பேசினார். உண்மையில் பாதிக்கப்பட்டவர்கள் யாராவது அந்த மண்டபத்தில் இருந்திருந்தால் கடைசி வரிசைக்குப் பின்னால், மின்விசிறி இல்லாத இடத்தில்தான் இருந்திருப்பார்கள். அங்கே கொஞ்சப் பெண்கள் இருந்தார்கள்.

நீ நன்றாகத்தான் பேசினாய். பொய் சொல்லமாட்டேன். பாதிக்கப்பட்டவரைக் கண்ணியமாக நடத்த வேண்டும் என்றாய். உடனே சிகிச்சை பெற உரிமை என்றாய். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டறிய உரிமை, தனக்காகச் சட்டத்தரணி ஒருவரை வைத்துக்கொள்ள உரிமை, நட்டஈடு கேட்க உரிமை. வாக்குமூலத்தை மாற்றச் சொல்லிப் பாதிக்கப்பட்டவரை நெருக்குவதே தனியான குற்றம் என்று மேசையில் தட்டிச் சொன்னாய். எல்லோரும் கை தட்டினார்கள். உன் வருங்கால மாமனாரும் தட்டினார், பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு. கடைசியில் கேள்வி நேரம் என்றீர்கள். பின்வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்து, "தம்பி, பொலிஸ்ல நான் தமிழ்ல சொல்லுறத அவங்க சிங்களத்தில எழுதுறாங்க. கையெழுத்து வைக்கச் சொன்னா வைக்கிறதா, வாணாமா?" என்று கேட்டாள்.

அன்று முழுவதும் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி அது. நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? மிக முக்கியமான கேள்வி, நேரம் போதாததால் தனியாகக் கதைப்போம் என்றாய். தனியாகக் கதைத்தாயா? இல்லை. நீங்கள் குழுப் படம் எடுக்கப் போனீர்கள். அந்தப் பெண் பார்சலை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். நான் அவளைத் தரிப்பிடத்தில் பிடித்து, தமிழில் எழுதச் சொல்லிக் கேட்க உரிமை உண்டு, இல்லையென்றால் முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கோ, விளங்காமல் கையெழுத்து வைக்கவேண்டாம் என்று சொன்னேன். பஸ் வர முன்னர் சொல்லி முடித்துவிட்டேன். அவ்வளவு சின்ன விஷயம் அது. அதற்கு விளக்கு வேண்டாம்.

உங்கள் விழிப்புணர்வில் எனக்கு என்ன பிரச்சினை என்றால், அதில் விழிக்கவேண்டியவர்கள் எப்போதும் வேறு யாரோ. தெருவில் அடிவாங்குகிற ஏழைகள் தங்கள் உரிமைகளை அறியவில்லையே என்று நீங்கள் மேடையில் கவலைப்படுகிறீர்கள். அவர்களுக்கு உரிமை இல்லாமல் பண்ணுகிறவர்கள் முன்வரிசையில் குளிரூட்டிக்குக் கீழே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சட்டம் தெரியாமல் இல்லை. தெரிந்துதான், பொலிஸ் வர முன்னர் போகவேண்டும் என்று நேரம் குறித்திருக்கிறார்கள். தெரிந்துதான் அதைப் பேசிய பெடியனையே கூட்டிக்கொண்டு போகிறார்கள். அந்தக் கட்டிலில் கிடக்கிறவரின் பக்கத்தில் இருந்து, உரிமை பற்றிய உன் நல்ல தமிழில் நீ இரண்டு வார்த்தை சொன்னால் போதும் என்று அவர்களுக்குத் தெரியும். உன்னைத் தெரிந்தெடுத்தது உன் குரலுக்காக.

ஞாயிற்றுக்கிழமை தர்ஷி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்ததையும் நான் மறக்கவில்லை. கஜன் தலையைக் குனிந்துகொண்டு ஃபோனை நோண்டினான். அவன் அப்பா, சின்னப் பிள்ளையள் ரத்தக் கொதிப்பில் செய்த விஷயம், கலியாண நேரத்தில் கோடு கச்சேரி என்று அலைய ஏலாது என்றார். அந்த ஆட்டோக்காரனும் குடித்திருந்தானாம் என்று யாரோ சொன்னார்கள். பகல் முழுக்க ஹயர் ஓடிய மனுஷன். நீ மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டிருந்தாய். எனக்கு அப்போது முழு விஷயம் தெரியாது. காதில் விழுந்ததை வைத்துப் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லாததால் பேசாமல் இருந்தேன். தர்ஷிதான் உன்னைப் பார்த்துக் கேட்டாள்:

"நீங்கள் அங்க ஆரின்ர சட்டத்தரணியாய்ப் போறீங்கள்?"

அவளுடைய அம்மா அவசரமாகப் பாயசம் வைத்தா. நீ சிரித்தாய். அது ஒரு பதிலா? அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் கேள்வி வந்தது. நான் வளர்த்த பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. அந்த இரவில் உன்னைக் கட்டுவதால் அவளுக்குத்தான் நட்டம் என்று எனக்குத் தோன்றியது. தாய் மகனைப் பற்றி இப்படி எழுதக்கூடாது என்பார்கள். எழுதிவிட்டேன்.

உன் அப்பாவிடம் புதன்கிழமை காலை இதைப் பற்றிக் கேட்டேன். "பழம் குடுக்கிறதில என்னப்பா பிழை? நல்லபடியா முடியிற விஷயத்தை நீ ஏன் கிளறுறாய்" என்றார். நல்ல மனிதர். ஒருவருக்கும் கெடுதல் நினைக்காதவர். அன்று இரண்டு கையாலும் வாங்கினார், இன்று மகன் கொண்டுபோவதில் பிழை காணவில்லை. தன் மச்சாள், உன் சித்தி, இந்த வீட்டு மாடிப்படியில் கைபிடியைப் பிடித்து ஏறுவதை வருடக்கணக்காகப் பார்க்கிறவர், இரண்டுக்கும் ஒரு தொடர்பு இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கு அவரிடம் கோபம்கூட வரவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, கந்தோரில் அரை நாள் லீவு சொல்லி, களுபோவிலவுக்குப் போனேன்.

மத்தியானம் பார்வையாளர் நேரம். வார்ட்டில் கட்டிலைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. ரெஜினா ஸ்டூலில் இருந்து எக்ஸ்ரே உறையால் கணவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்து, "மிஸ் யாரு, இன்சூரன்ஸா?" என்றாள். எனக்கே சிரிப்பு வந்தது. இன்சூரன்ஸ்தான், ஆனால் அதற்காக வரவில்லை என்றேன். காப்புறுதிக் கம்பனியில் நான் வருடக்கணக்காக நட்டஈட்டுக் கோரிக்கைகளை வாசிக்கிறவள். ஒரு கடதாசியில் 'விழுந்தார்' என்று இருந்தால் அதை எழுதியவர் பெரும்பாலும் விழுந்தவராக இருப்பதில்லை. அந்த ஒரு சொல் ஏறிய பிறகு ஆண்டவன் வந்தாலும் அதை இறக்க முடியாது. இதைத்தான் அவளுக்குச் சொன்னேன். சனிக்கிழமை காலையில் ஆட்கள் பழத்தோடு வருவார்கள், மரியாதையாகக் கதைப்பார்கள், விழுந்ததாகச் சொல்லச் சொல்லுவார்கள் என்றும் சொன்னேன்.

"வந்தா நான் எப்புடி மிஸ் வாணாம்னு சொல்லுறது? சொகமில்லாத ஆள பாக்க வாரவங்கள வெரட்ட ஏலுமா?"

விரட்டவேண்டாம், இருக்கச் சொல்லுங்கோ, பையை மட்டும் வாங்காதேங்கோ என்றேன். கணவர் சொல்வதைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கோ, எழுதியதை வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்கவேண்டாம், வாக்கை மாற்றச் சொல்லி யாராவது நெருக்கினால் அதையும் பொலிஸிடம் சொல்லுங்கோ என்றேன். நீ மேடையில் சொன்னதுதான். உன் பேச்சு ஒரு இடத்திலாவது போய்ச் சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்.

அவள் அடுத்ததாக, சல்லி கொடுத்தால் வாங்குவதா விடுவதா என்று கேட்டாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள். நானும் அப்படியே சொன்னேன். நட்டஈட்டை நீதிமன்றத்தில் கேட்கலாம். எப்போது கிடைக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது, கிடைக்கும் என்று சத்தியமும் பண்ணமாட்டேன். கட்டிலடியில் தருவது ஒரு சொல்லுக்கான விலை. வாங்குவதும் விடுவதும் உங்களுடைய முடிவு, நான் ஒன்றும் நினைக்கமாட்டேன்.

"ஆட்டோவுக்குத் தவண கேக்குற லீஸிங்காரன் கோர்ட் சொல்லும் வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்க மாட்டானே மிஸ்" என்றாள்.

நான் அவளுக்கு வீரம் சொல்லிக்கொடுக்கப் போகவில்லை. வயிற்றுப்பாட்டை விட நீதி பெரியது என்று சொல்ல எனக்கு வாயும் வராது. எங்களுக்கு மாதச் சம்பளம் வருகிறது.

நாங்கள் பேசுவதை அந்தோனி கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். 'விழுந்தது' என்று நான் இரண்டாம் தரம் சொன்னபோது கண்ணைத் திறந்தார். நல்ல கையை, இடது கையை, மெதுவாகத் தூக்கி நிலத்தைக் காட்டி, இல்லை என்று விரலை ஆட்டினார். பிறகு அந்தக் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய், ஒரு கட்டையைப் பிடித்திருப்பது போல விரல்களை மடக்கி, வேகமாகக் கீழே இறக்கினார். மறுபடியும் தூக்கினார். ரெஜினா அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயைக் கட்டிப்போட்ட மனுஷன் வாக்குமூலத்தை அங்கேயே கொடுத்துவிட்டார், எழுதிக்கொள்ளத்தான் ஆள் இருக்கவில்லை.

கிளம்பும்போது ரெஜினா, உண்மையில் நான் யார், இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்று கேட்டாள். சனிக்கிழமை பையோடு வரப்போகிற சட்டத்தரணியின் தாய் என்றேன். என் வெறுங்கைகளைப் பார்த்தாள். வெளியே போகச் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். "அதான் கைய வீசிக்கிட்டு வந்தீங்களா" என்றாள். பிறகு சிரிக்காமல் கேட்டாள்: "சனிக்கெழம நீங்க இருப்பீங்களா?"

இருப்பேன் என்று சொல்லிவிட்டேன். என்னோடு கம்பஸில் ஒரே அறையில் இருந்தவள் ஒருத்தி இப்போது சட்டத்தரணி. கட்டணம் இல்லாமல் அந்தோனிக்காக வர ஒத்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் அவளால் மத்தியானம்தான் வர முடியும். காலையில் நான்தான். ரெஜினா கடைசியில் பையை வாங்குவாளோ, காசை வாங்குவாளோ, எனக்குத் தெரியாது. வாங்கினாலும் நான் அங்கிருந்து போகமாட்டேன். அன்று மத்தியானம் பொலிஸ் வரும்போது அந்த மனுஷன் சொல்வது சொன்னபடியே எழுதப்பட வேண்டும், அதற்கு ஒரு ஆள் பக்கத்தில் இருக்கவேண்டும். எனக்குச் சிங்களம் நன்றாக வாசிக்கத் தெரியும்.

கலியாணத்துக்கு வருவேன். அதைப் பற்றிப் பயப்படாதே. முன்வரிசையில் இருந்து அட்சதை போடுவேன், தர்ஷியின் அம்மாவோடு சிரித்துப் படமும் எடுப்பேன். சனிக்கிழமை சேலை எடுக்க அவவோடு வருவதாகச் சொன்னதை மட்டும் இன்று மாற்றிவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றேன். "ஐயோ, ஆருக்கு அக்கா சுகமில்லை?" என்று அவ கேட்டா. சொன்னேன். அதற்குப் பிறகு அவ மா டின் பற்றிக் கேட்கவில்லை.

ஆகவே நீ வருவதானால் தெரிந்துகொண்டு வா. நானும் ரெஜினாவும் காலையிலேயே அங்கே இருப்போம். கட்டிலுக்கு ஒரு ஸ்டூல்தான் கொடுக்கிறார்கள். அதில் ரெஜினா இருப்பாள். கட்டிலடியில் நான் நிற்பேன். நீ பையை நீட்டினால் முதலில் எதிர்ப்படுவது என்னுடைய கைதான். நான் அதை வாங்கமாட்டேன், மகன். எல்லோருக்கும் முன்னால், உன் மாமனாருக்கும் முன்னால், வாங்கமாட்டேன்.